சமையலறை ஜன்னலில் பார்த்த படம்

அறுவை அரங்கில் எல்லோரும் அவளை முடிச்சம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும்; தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் கைக்குக் கிடைத்ததில் எல்லாம் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகியவள். நாற்காலிக் கால், இழுப்பறைக் கைப்பிடி, பேருந்து ஜன்னல் கம்பி, எதையும் விட்டுவைத்ததில்லை. ஐம்பத்து நான்கு வயதிலும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் சும்மா இருக்காது. கோட்டுப் பொத்தானைச் சுற்றி ஒரு நூல் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும்.

அந்த முடிச்சுகள் விளையாட்டுக்கு இல்லை. நுரையீரலில் புற்று வந்த பகுதியை எடுக்க வேண்டுமானால் அதற்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைக் கட்டி அறுக்க வேண்டும். இதயத்திலிருந்து நேரே வருகிற குழாய். அதன் சுவரோ நனைந்த காகிதம்போல மெல்லியது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் கிழியும், கொஞ்சம் தளர விட்டால் நழுவும். எது நடந்தாலும் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். இப்போது அதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது. ஆனாலும் கருவி நுழையாத மூலை ஒன்று எல்லா நெஞ்சிலும் இருக்கத்தான் செய்கிறது. இருபத்தாறு ஆண்டுகளில் அவள் போட்ட முடிச்சு ஒன்றுகூட நழுவியதில்லை.

படம் பார்ப்பதிலும் அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் எல்லோர் கண்ணும் போகிற இடத்துக்கு அவள் கண் போகாது. முதலில் மூச்சுக்குழாய், பிறகு எலும்புகள், பிறகு இதயத்தின் பின்புறம். கடைசியாக, கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காறை எலும்புகளின் மறைவு. "அங்கதான் ஒளிஞ்சுக்கும், கண்ணில விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்க" என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போன வாக்கியம் அது.

இவ்வளவும் தெரிந்தவள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையின் கணவர் கொண்டுவந்த படத்தைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

தங்கை அவளைவிட எட்டு வயது சின்னவள். தபால் அலுவலகத்தில் வேலை. அவள் கணவருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு இருவரும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார்கள். வந்தால் லிப்ட்காரரின் வாய் ஓயாது. "உங்க ஆஸ்பத்திரி லிப்ட் மூணாவது மாடியில ஒரு இருமல் இருமுது அக்கா, மருந்து குடுங்க" என்பார். சிகரெட்டைத் தொட்டவர் இல்லை. புகைக்கிறவர் பக்கத்தில் நின்றால்கூடத் தள்ளிப் போய்விடுவார்.

அன்றைக்கு அவர் கையில் பெரிய பழுப்பு உறை ஒன்று இருந்தது.

"அக்கா, கம்பெனியில மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற படம். இந்தத் தடவை நெஞ்சு நிபுணர்கிட்ட காட்டச் சொல்லி எழுதிட்டாங்க. வீட்டுலயே நிபுணர் இருக்கும்போது நான் எதுக்கு வரிசையில நிக்கணும்?"

"குடுங்க மாப்பிள்ளை."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பி உயர்த்திப் பிடித்தாள். கூடத்தில் தங்கை ஏதோ கேட்டாள். இவள் பதில் சொன்னாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வந்தது. இடது நுரையீரலின் மேல் மூலையில், காறை எலும்பு விலா எலும்பைக் கடக்கும் இடத்தில், லேசாக ஏதோ இருந்தது.

"பழைய தழும்பு. சின்ன வயசுல எப்பவோ சளி கட்டியிருக்கும். ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"கேட்டுக்கிட்டியா?" என்று அவர் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உங்க அக்கா சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. இன்னும் நாப்பது வருஷத்துக்கு உனக்கு என்கிட்டேருந்து விடுதலை கிடையாது."

மூவரும் சிரித்தார்கள். பால் கொஞ்சம் வழிந்துவிட்டிருந்தது.

இரண்டரை ஆண்டு கழித்து அவருக்கு இருமல் வந்தது. மழைக்கால இருமல் என்று விட்டுவிட்டார். மழை நின்றும் இருமல் நிற்கவில்லை. லிப்ட் குழிக்குள் ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. இடது தோளில் ஒரு குடைச்சல். தங்கை அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா மறுநாளே வரவழைத்து ஸ்கேன் எடுக்க வைத்தாள். இடது நுரையீரலின் மேல் பகுதியில், ஒரு குழந்தையின் கை முட்டி அளவுக்குக் கட்டி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் புற்று என்று வந்தது.

"பழைய காகிதமெல்லாம் கொண்டு வா" என்று தங்கையிடம் சொன்னாள். அது எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுதான். தங்கை கொண்டுவந்த காகிதக் கட்டுக்குள் அந்தப் பழுப்பு உறையும் இருந்தது.

மாலையில் நோயாளிகள் எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். மூச்சுக்குழாய். எலும்புகள். இதயத்தின் பின்புறம். பிறகு காறை எலும்பின் மறைவு.

இருந்தது. பட்டாணி அளவு. தழும்பாக இருந்தால் ஓரம் கோடு போட்டதுபோல இருக்கும். இதற்கு ஓரமெல்லாம் முள் முள்ளாக இருந்தது. இதை ஒரு மாணவன் தவறவிட்டிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். அந்த அளவில் கண்டுபிடித்து எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று எத்தனையோ மேடைகளில் பேசியவளும் அவள்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம், வந்திருக்கக் கூடாத ஒரு நினைப்பு வந்தது. கம்பெனி டாக்டரைத் தவிர இந்தப் படத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. தழும்பு என்று அவள் சொன்னதுகூட அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் முடிந்தது.

முழுசாக ஒரு நாள் அந்த உறை அவள் அலமாரியில் இருந்தது. அந்த ஒரு நாளைப் பற்றிப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு மறுநாள் மதியம் தங்கை வீட்டுக்குப் போனாள். இருவரும் இருந்தார்கள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முடிச்சம்மா உறையை மேசைமேல் வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"இது அப்பவே இருந்தது. நான்தான் பார்க்காம விட்டுட்டேன். தழும்புன்னு சொன்னேன். அது தழும்பு இல்ல."

லிப்ட்காரர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்? சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் சுண்டிப்போனது.

தங்கை ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் பார்த்தே?"

"பத்து நொடி இருக்கும்."

"ஆஸ்பத்திரியில ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பே?"

"அஞ்சு நிமிஷம். சில சமயம் அதுக்கும் மேல."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் அஞ்சு நிமிஷம்" என்றாள் தங்கை.

"விடு" என்றார் கணவர் மெதுவாக.

"என்னத்தை விடறது? நீங்க சும்மா இருங்க." அவள் துணியைக் கீழே வைத்தாள். "நீயே எடுத்துக் குடு. விட்டவ நீதானே? நீயே உள்ள போய் எடு."

"சொந்தக்காரங்களுக்கு நாங்க கத்தி வைக்கக் கூடாதுடி. கை நிதானம் இருக்காது. அது எங்க விதி."

"படம் மட்டும் பார்க்கலாமா?"

முடிச்சம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். படி இறங்கும்போது தங்கை கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. அறைந்து சாத்தவில்லை. வழக்கம்போல, தாழ்ப்பாள் விழும்வரை பிடித்துச் சாத்தினாள்.

மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நாள் புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோரும் ஒரே அறையில் கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்வது என்று பேசி முடிவெடுப்பார்கள். அந்த வாரம் முடிச்சம்மா எழுந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். பழைய படத்தில் அந்த முள்முனைப் பட்டாணியை விரலால் காட்டினாள்.

"இதைப் பார்த்துச் சொன்னது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. எதிர் அறைக்காரரின் குரல்.

அவரும் நெஞ்சு அறுவை மருத்துவர்தான். நடைபாதையில் அவள் அறைக்கு நேர் எதிரே அவர் அறை. பதினோரு வருடமாக இருவரும் எலியும் பூனையும். ஒரு கிழவரின் நெஞ்சைத் திறக்கலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டை. கிழவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் சண்டை மட்டும் உயிரோடு இருந்தது.

"நான்" என்றாள் முடிச்சம்மா. "வீட்டுல, சமையல்கட்டுல வெச்சு."

யாரோ ஒருவர் பேனாவை மூடினார். ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, திறந்து எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

கூட்டம் கலைந்ததும் அவள் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

"நீங்கதான் பண்ணணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எதுக்கு? உங்களுக்கு வேண்டப்பட்டவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே."

"அவங்க என் முகத்தைப் பார்ப்பாங்க. நீங்க பார்க்க மாட்டீங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. அரங்குக்குள்ள வந்து நிக்கலாம். ஆனா கையுறை போடக் கூடாது."

அறுவை நாளன்று லிப்ட்காரரை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இடது கையை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். முடிச்சம்மா பின்னால், ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்றாள். ஆயிரக்கணக்கான தடவை பார்த்த காட்சிதான். தோள்பட்டைக்குக் கீழே கீறல், தசை, விலா எலும்புகளை விலக்கும் இரும்பு. மயக்க மருத்துவர் அந்தப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தியதும் அது மெல்லச் சுருங்கி உள்வாங்கியது. எதிர் அறைக்காரர் கையை உள்ளே விட்டார். கை நின்றது.

"விளக்கை இங்க திருப்புங்க."

முக்காலியில் நின்றபடியே முடிச்சம்மா பார்த்தாள். நெஞ்சுச் சுவரின் உட்புறம் வழவழவென்று பளபளக்க வேண்டிய சவ்வில், குருணையை வாரி இறைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஸ்கேனுக்குத் தெரியாத அளவு பொடி. இரண்டைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இதயத் துடிப்பைச் சொல்லும் கருவி மட்டும் தன் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் தொலைபேசி வந்தது. தாதி கேட்டுவிட்டு, முடிச்சம்மாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். புற்றுதான்.

"எடுத்துடுங்க" என்றாள் முடிச்சம்மா.

எதிர் அறைக்காரர் திரும்பவில்லை.

"சவ்வை உரிச்சுடலாம். நுரையீரலை முழுசா எடுத்துடலாம். ஒத்தை நுரையீரல்ல அவர் தாங்குவார். நல்ல உடம்பு அவருக்கு. நான் கை கழுவிக்கிட்டு வரேன்." அவள் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"டாக்டர்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "எடுத்தா இவருக்கு என்ன கிடைக்கும்? சொல்லுங்க, பண்றேன்."

அவளுக்குத் தெரியும். யாரைவிடவும் நன்றாகத் தெரியும். பரவிய பிறகு நெஞ்சைக் காலி செய்தாலும் ஆயுள் ஒரு நாள்கூட நீளாது. இருக்கிற நாட்களும் வலியிலும் குழாய்களிலும் போகும். எத்தனை குடும்பங்களை உட்கார வைத்து இதை அவள் சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணும் கிடைக்காது" என்றாள் கடைசியில்.

"மூடறேன்" என்றார் அவர். தையல் ஊசிக்குக் கை நீட்டினார்.

காத்திருப்புக் கூடத்தில் தங்கை ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். நான்கு மணி நேரம் ஆகும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அக்கா வருவதைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"சீக்கிரமே முடிஞ்சுடுச்சே அக்கா! நல்லபடியா ஆயிடுச்சா?"

அந்த ஒரு விநாடி தங்கை எல்லாவற்றையும் மறந்திருந்தாள். சின்ன வயதில் ஓட்டப்பந்தயம் முடிந்து ஓடிவருகிற முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் முடிச்சம்மா சொல்ல வேண்டியிருந்தது. எதிர் அறைக்காரர், நான் வந்து சொல்கிறேன் என்றார். அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு லிப்ட்காரர் பதினான்கு மாதம் இருந்தார். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. ஆறு மாதம் நன்றாகவே நடமாடினார். பிறகு நெஞ்சுக்கூட்டில் நீர் சேர ஆரம்பித்தது. நீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடம் இருக்காது, மூச்சு முட்டும். ஒவ்வொரு தடவையும் மருத்துவமனைக்கு அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று, சனிக்கிழமை காலைகளில் முடிச்சம்மாவே ஊசியும் குழாயும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கத்தி வைப்பதற்குத்தான் விதி. இதற்கு விதி கிடையாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கதவைத் திறப்பது தங்கைதான். திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளறைக்குப் போய்விடுவாள். லிப்ட்காரர் மேசைமேல் தலையணை வைத்து அதில் கவிழ்ந்து உட்காருவார். முடிச்சம்மா முதுகைத் தட்டிப் பார்ப்பாள். நீர் இருக்கும் இடம் வரை மரப்பலகையைத் தட்டுவதுபோல மந்தமாகக் கேட்கும். விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துவாள். கீழ் விளிம்பில் ரத்தக்குழாய் ஓடும். குழாயில் மஞ்சளாக நீர் இறங்கும். பிந்தைய மாதங்களில் அது சிவந்துபோனது.

ஒரு சனிக்கிழமை, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் தலையணைக்குள் பேசினார்.

"அக்கா, உங்க மேல கோவமே இல்லன்னு சொன்னா அது பொய்."

"தெரியும் மாப்பிள்ளை."

"மொதல்ல ரொம்ப இருந்தது. இப்போ கோவப்படறதுக்கு மூச்சு பத்தல." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அவள் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நானும் ஒரு தடவை விட்டிருக்கேன்" என்றார் இருமல் அடங்கியதும். "ஒரு பிரேக் போல்ட்டை இறுக்காம வந்துட்டேன். சாயங்காலம் வீட்டுல சாப்பிட உட்கார்ந்தப்பதான் சுருக்குனு ஞாபகம் வந்தது. கையைக்கூடக் கழுவாம ஓடினேன். அதுக்குள்ள யாரும் ஏறல. யாராவது ஏறியிருந்தா?"

அவள் பாட்டிலில் இறங்கியிருந்த நீரின் அளவைப் பார்த்தாள்.

"இவகிட்ட இதைச் சொன்னேன். உங்களுக்காக வக்காலத்து வாங்கறேன்னு என்கிட்டயும் ரெண்டு நாள் பேசல."

உள்ளறையை ஒட்டிய குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், மருத்துவமனைப் படுக்கையில், மனைவி பக்கத்தில் இருக்கும்போது போனார். முடிச்சம்மா அப்போது இரண்டு மாடி கீழே, பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவரின் நெஞ்சுக்குள் கைவிட்டு நின்றிருந்தாள். செய்தி பதினோரு மணிக்கே அரங்குக்கு வந்துவிட்டது. மயக்க மருத்துவர் அவளிடம் சொல்லவில்லை. அவள் பெரிய குழாயைக் கட்டி, அறுத்து, கட்டியை எடுத்து, கடைசித் தையலும் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார். சொன்னதும் அவள் கையுறைகளைக் கழற்றி வாளியில் போட்டாள். மறுபடியும் போய், நோயாளியின் நெஞ்சிலிருந்து வரும் குழாய் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். அதன் பிறகுதான் படி ஏறினாள்.

அடுத்த சில மாதங்கள் தங்கை போனை எடுப்பாள், "ம்" என்பாள், வைத்துவிடுவாள். பிறகு, வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருப்பதாக ஒருநாள் அவளே சொன்னாள். சாமான் கட்ட முடிச்சம்மா போனாள். வா என்று யாரும் கூப்பிடவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்கப் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றினார்கள். அவருடைய கருவிப் பெட்டியைத் தங்கை யாரையும் தொட விடவில்லை. தானே தூக்க முடியாமல் தூக்கிக் கதவருகே கொண்டுபோய் வைத்தாள்.

"என்னால தூர இருந்தாத்தான் முடியும்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பத்து நொடிதான் கண்ணு முன்னால வந்து நிக்குது."

"எனக்கும்தான்."

"உனக்கு வேலை இருக்கு. ஆயிரம் நெஞ்சு இருக்கு. எனக்கு அந்த ஒண்ணுதான் இருந்தது."

என்ன சொன்னாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சாகத்தான் இருக்கும் என்று முடிச்சம்மாவுக்குத் தோன்றியது.

"கோவம் போனதும் கூப்பிடறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"போகும்னு தோணல" என்றாள் தங்கை. கொஞ்சம் பொறுத்து, "போகலன்னாலும் கூப்பிடறேன்" என்றாள்.

வண்டி கிளம்பியது. முடிச்சம்மா மருத்துவமனைக்குத் திரும்பினாள். அன்று மாலை அவளைப் பார்க்க ஏழு பேர் காத்திருந்தார்கள். எட்டாவதாக எதிர் அறைக்காரர் வந்து வாசலில் நின்றார்; என்ன கேட்பது என்று தெரியாமல், நாளைய பட்டியலைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போனார்.

தங்கை போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். முதல் தடவை, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல. இரண்டாவது தடவை போன மாதம்: புது வீட்டில் சுவர் ஈரம் ஊறி ஓதம் காக்கிறது, அலமாரியில் வைத்த புடவையெல்லாம் வாடை அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். முடிச்சம்மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளவும் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் அரங்கில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற தாதியிடம் அதைத்தான் கேட்டாள்.